ஐந்தாம் மாத ஸ்கேனில் 'கட்டி' என்று சொன்னால்...

"குழந்தைக்கு முதுகுக்குக் கீழே ஒரு கட்டி மாதிரி தெரியுதும்மா. பெரிய ஆஸ்பத்திரியிலே ஒரு தடவை காட்டிடுங்க."

ஸ்கேன் அறையில் இதைக் கேட்கும் கர்ப்பிணிக்கு அதற்குப் பிறகு டாக்டர் சொல்வது எதுவும் காதில் விழாது. வீடு வந்து சேர்ந்தால் ஆளுக்கொரு பேச்சு. "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியாம்மா?" என்பார் மாமியார். "கட்டின்னா புத்துநோய்தானே?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "நாங்க எல்லாம் ஸ்கேனா எடுத்தோம்? பெத்து வளர்க்கலையா?" என்று ஆயா தன் பங்குக்குச் சொல்வார். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகும் அந்தப் பெண்ணின் மனசில் இருக்கும் கேள்வி அப்படியே இருக்கும். என் குழந்தை பிழைக்குமா? நான் இப்போ என்ன செய்யணும்?

வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கட்டி வருவது மிக மிக அபூர்வம். இதைப் படிக்கும் சகோதரிகளில் அநேகமாக யாருக்கும் அது நேராது. ஆனாலும் நேர்ந்துவிட்ட குடும்பத்துக்கு, விஷயம் ஐந்தாம் மாதத்தில் தெரிந்ததா, பிரசவ வலி எடுத்த பிறகு தெரிந்ததா என்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கே இது பொருந்தும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கத்துக் குக்கிராமங்களில் இருப்பவருக்கு இன்னும் பல மடங்கு பொருந்தும்.

கொதிகலன் சோதித்த கருவி

"ஸ்கேன்னா கரெண்ட் பாயுமா? எக்ஸ்ரே மாதிரி கதிர் படுமா?" என்று பயப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் இல்லை. அது வெறும் சத்தம்தான். நம் காது கேட்கும் எல்லையைத் தாண்டிய, மிக நுண்ணிய சத்தம். வௌவால் இருட்டில் கத்தி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது அல்லவா? அதே வித்தைதான். வயிற்றின் மேல் ஜெல் தடவி வைக்கும் கருவி சத்தத்தை உள்ளே அனுப்புகிறது. எலும்பில் பட்டால் ஒரு மாதிரி, தண்ணீரில் பட்டால் ஒரு மாதிரி, சதையில் பட்டால் ஒரு மாதிரி எதிரொலி திரும்பி வருகிறது. அதைத்தான் திரையில் படமாகப் பார்க்கிறோம்.

இதன் கதை சுவாரஸ்யமானது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட். அவர் 1955-ல், பெண்களுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று சத்தத்தால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்துக்கொண்டார்களாம்! தண்ணீர்க் கட்டி ஒரு மாதிரியும் சதைக் கட்டி வேறு மாதிரியும் எதிரொலிப்பதைக் கண்டார். 1958-ல் அவரும் அவருடைய சகாக்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். இன்று நாம் குழந்தையின் முகம் பார்க்கும் ஸ்கேன், கட்டியைத் தேடுவதில்தான் தொடங்கியது.

அதற்கு முன்பு கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது சகஜம். வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் பிற்பாடு புற்றுநோய் வருவது அதிகம் என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-ல் எடுத்துக் காட்டினார். ஸ்கேன் வந்தபின் கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுக்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. டாக்டர் சொல்லி எடுக்கும் ஸ்கேனால் சிசுவுக்குக் கெடுதல் என்று இத்தனை வருஷத்தில் நிரூபணமானதில்லை. அதற்காக ஆசைக்கு அடிக்கடி எடுக்க வேண்டியதும் இல்லை.

எந்த மாதம், எந்த ஸ்கேன்?

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியிலிருந்துதான் டாக்டர்கள் வாரக் கணக்குப் போடுகிறார்கள். தேதி நினைவில்லாவிட்டால் "ஆடிப் பதினெட்டு முடிஞ்சு நாலு நாள்" என்று பண்டிகையை வைத்துச் சொன்னாலும் போதும்.

முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள். நாள் கணக்கு சரியா, ஒரு குழந்தையா இரட்டையா என்று தெரியும். பெரிய குறைகள் சில அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் முக்கியம். 18 முதல் 20 வாரத்துக்குள், தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது. நம் பெண்கள் 'அஞ்சாம் மாச ஸ்கேன்' என்கிறார்கள். மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நாலு அறைகள், வயிறு, சிறுநீரகம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பார்கள். வசதி குறைந்த நாடுகளிலும் 24 வாரம் முடிவதற்குள் ஒரு ஸ்கேனாவது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, ஏழு எட்டு மாதத்தில். "அஞ்சாம் மாசத்திலேதான் எல்லாம் நல்லா இருக்குன்னாங்களே" என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். சில கட்டிகள் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். குழந்தை திரும்பிப் படுத்திருந்தாலும், பனிக்குடத் தண்ணீர் குறைந்திருந்தாலும், முன்பு கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று எந்த டாக்டரும் உத்தரவாதம் தரமாட்டார்.

கட்டி என்றால் என்ன கட்டி?

கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். சிசுவுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். ஆனால் சாதாரணக் கட்டியாக இருந்தாலும் இடத்தைப் பொறுத்து ஆபத்து உண்டு.

*முதுகின் அடியில் வரும் கட்டி.* பிறந்த குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் இதுவே அதிகம். அப்படியும் ஏறத்தாழ 35,000 முதல் 40,000 பிரசவத்துக்கு ஒன்றுதான். பெண் குழந்தைகளுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம் வருகிறது. 'டெரட்டோமா' என்று டாக்டர்கள் சொல்வார்கள். கரு உருவாகும்போது எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய சில அணுக்கள் வால் எலும்பின் பக்கம் தங்கிவிடுகின்றன. பிறகு தம்பாட்டுக்கு வளர்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டிக்குள் முடி, எலும்புத் துணுக்கு எல்லாம் இருப்பதுண்டு. கிரகணமோ, சாபமோ, தாய் சாப்பிட்ட எதுவுமோ காரணமில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலும் அல்ல. அடுத்த பிரசவத்திலும் வருமோ என்ற பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை.

சிறிய கட்டியானால் குழந்தை மாதம் நிறைந்து பிறக்கும். பிறந்த சில நாளில் வால் எலும்பின் நுனியோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். எலும்பை விட்டுவிட்டால் திரும்ப வளரும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால், மாதங்கள் ஆக ஆக அது புற்றாக மாறும் வாய்ப்பு கூடும். எடுத்த பிறகும் சில வருஷம் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஓடியாடி வளர்கிறார்கள்.

கட்டி பெரிதாகி, ரத்த ஓட்டமும் நிறைய இருந்தால் சங்கடம். குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் கட்டி இழுத்துக்கொள்ளும். சின்னஞ்சிறு இதயம் இரண்டு ஆளுக்கு உழைத்துக் களைத்துப்போகும். உடம்பில் நீர் கோர்க்கும். இப்படி ஆன குழந்தையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பதை மறைப்பதற்கில்லை. இந்த அறிகுறிகளை முன்கூட்டியே பிடிக்கத்தான் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கிறார்கள். குழந்தை பிழைக்கக்கூடிய மாதம் வந்துவிட்டால், நுரையீரல் பலப்பட ஊசி போட்டு முன்னதாகவே எடுத்துவிடுவார்கள்.

*இதயத்தில் கட்டி.* பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான் தெரியும். இதில் ஒரு விசித்திரம், பிறந்த பிறகு பல கட்டிகள் தாமே சுருங்கிவிடும். ஆனால் இவர்களில் பாதிப் பேருக்கு மேல், மூளையையும் தோலையும் பாதிக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு கூடவே இருக்கும். வலிப்பு வரலாம். ஆகவே பிறந்த பின் தொடர்ந்து காட்ட வேண்டும்.

*கழுத்தில் கட்டி.* வயிற்றுக்குள் இருக்கும் வரை குழந்தைக்குத் தொல்லையில்லை. தொப்புள்கொடி வழியாகப் பிராணவாயு வந்துவிடும். கொடியை அறுத்த நிமிஷத்தில்தான் ஆபத்து. கட்டி மூச்சுக் குழாயை அடைத்திருக்கும். இது முன்பே தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிகளில், சிசேரியனின்போது குழந்தையைப் பாதி வெளியே எடுத்து, கொடியை அறுக்காமலே தொண்டையில் குழாய் போட்டுவிடுகிறார்கள். தெரியாவிட்டால்?

*வயிற்றுக்குள் நீர்க்கட்டி.* பெண் சிசுவின் சினைப்பையில், தாயின் ஹார்மோனால் நீர்க்கட்டி தோன்றுவதுண்டு. பிறந்த சில மாதத்தில் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். சிறுநீரகத்தின் மேலும், அதை ஒட்டியும் வரும் கட்டிகள் சில உண்டு. அவற்றைப் பிறந்த பின் மறுபடி ஸ்கேன் செய்து முடிவு செய்வார்கள்.

பிரசவம் எங்கே என்பதுதான் கேள்வி

கட்டியை மருந்து கொடுத்துக் கரைக்க முடியாது. நாட்டு மருந்தும் உதவாது, கர்ப்பத்தில் அது ஆபத்தும்கூட. அப்படியானால் முன்கூட்டித் தெரிந்து என்ன பிரயோசனம் என்று கேட்கத் தோன்றும். பிரயோசனம் இதுதான். பிரசவம் எங்கே, எப்போது, எந்த முறையில் என்று தீர்மானிக்கலாம்.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் கால் லிட்டர்தான். முதுகடியில் பெரிய கட்டியோடு இருக்கும் குழந்தை சாதாரணமாகப் பிறக்க முயன்றால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். கட்டி கிழிந்தால் அந்தக் கால் லிட்டரும் நிமிஷத்தில் போய்விடும். கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலே சிசேரியன்தான் நல்லது என்பார்கள். இது வீட்டில் பார்க்கும் பிரசவம் அல்ல. குழந்தைகள் ஆபரேஷன் டாக்டரும் ரத்தமும் பக்கத்திலேயே இருக்க வேண்டிய பிரசவம்.

இப்போது கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில், மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளியும் சாமையும் விளைவித்துக் கடுக்காய் பொறுக்கி வாழும் இடம். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழே. வளைந்து வளைந்து ஏறும் பாதை. ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு மழைக்காலத்தில் வண்டி வருவதே பாடு. சாலை, மருத்துவம், பள்ளி என்று இம்மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் தானாகவே முன்வந்து விசாரணை எடுத்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் கூலி வேலைக்குப் போய்விடுவதால், ஐந்தாம் மாத ஸ்கேன் தேதி வரும்போது கர்ப்பிணி ஊரிலேயே இருப்பதில்லை!

இந்தத் தாய்க்கு வலி எடுத்த பிறகு விஷயம் தெரிந்து பயனில்லை. ஐந்தாம் மாதத்தில் தெரிந்தால் நாலு மாத அவகாசம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்து, துணைக்கு யார், வீட்டில் இருக்கும் குழந்தைகளை யார் பார்ப்பது என்று ஏற்பாடு செய்து, வலி எடுப்பதற்கு முன்பே மலையை விட்டு இறங்கிவிடலாம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஸ்கேனுக்கும் முதல் ஆலோசனைக்கும் இன்று அங்கே போகலாம். குழந்தைக்குப் பெரிய ஆபரேஷன் தேவைப்படும் என்றால், புதுச்சேரி ஜிப்மர் அல்லது சென்னை எழும்பூருக்கு எழுதிக் கொடுப்பார்கள். எழும்பூரில் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியும் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அருகருகே இருப்பது ஒரு பெரிய வசதி.

புல்தானாவில் நடந்தது

"இதெல்லாம் பெரிய பட்டணத்திலேதானே கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்பீர்கள். மகாராஷ்டிராவில் புல்தானா என்ற மாவட்டத் தலைநகர். 2025 ஜனவரியில் அங்குள்ள அரசு மகளிர் ஆஸ்பத்திரிக்கு 35 வாரக் கர்ப்பிணி ஒருவர் வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். ஸ்கேன் பார்த்த டாக்டர் பிரசாத் அகர்வாலுக்குக் குழந்தையின் வயிற்றுக்குள் எலும்புகள்போல ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால், சிசுவுக்குள் இன்னொரு சிசுவின் உருவம்! வளர்ச்சியில்லாத இரட்டை உள்ளே அடைபட்டுக் கட்டிபோல் நிற்பது இது. சுமார் ஐந்து லட்சம் பிரசவத்தில் ஒன்று என்பார்கள். பிப்ரவரியில் அங்கேயே குழந்தை பிறந்தது. பிறகு அமராவதிக்கு அனுப்பி, சில நாளிலேயே ஆபரேஷன் செய்து அதை அகற்றினார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியின் சாதாரண ஸ்கேன்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டெக்சாஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2016-ல் இன்னும் ஆச்சரியமான ஒன்று நடந்தது. முதுகடிக் கட்டியால் இதயம் ஓயத் தொடங்கிய சிசுவை, ஆறாம் மாதத்தில் கருப்பையைத் திறந்து வெளியே எடுத்து, கட்டியின் பெரும்பகுதியை வெட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துத் தைத்தார்கள். அந்தப் பெண் குழந்தை 36-வது வாரத்தில் மறுபடியும் 'பிறந்தாள்'. இது எல்லோருக்கும் செய்கிற வைத்தியம் அல்ல, தாய்க்கும் ஆபத்து உண்டு. ஆனால் அங்கேயும் கட்டி தெரிந்தது வழக்கமான ஸ்கேனில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்வது 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம். கட்டிக்கு வைத்தியம் செய்ய அது தெரிய வேண்டியதும் இல்லை.

பிழைக்கவே வழியில்லாத கடுமையான குறை என்றால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற வேதனையான கேள்வி வரும். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, குறிப்பிட்ட காரணங்களுக்கு 24 வாரம் வரை கலைக்க இடமுண்டு. கடுமையான குறை என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் அதற்குப் பிறகும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரோ மாமியாரோ கையெழுத்திட வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு ஸ்கேனை வைத்து அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். இன்னொரு அனுபவசாலி டாக்டரிடம் காட்டி, குழந்தைகள் ஆபரேஷன் டாக்டரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

பயத்தில் எதுவும் நினைவிருக்காது. துணைக்கு வந்தவர் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்.

1. கட்டி எந்த இடத்தில்? எத்தனை சென்டிமீட்டர்? தண்ணீரா, சதையா?
2. குழந்தையின் இதயம் நன்றாக வேலை செய்கிறதா? உடம்பில் நீர் இருக்கிறதா?
3. அடுத்த ஸ்கேன் எத்தனை நாளில்?
4. பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில்? சுகப் பிரசவமா, சிசேரியனா? எத்தனை நாள் முன்னதாக வந்து தங்க வேண்டும்?
5. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செலவு அடங்குமா?

நாள் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. வயிறு திடீரென்று பெருத்துப்போவது, உங்கள் முகமும் காலும் வீங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, மாதம் நிறையுமுன் வலியோ தண்ணீரோ வருவது. 108-க்குப் போன் செய்யுங்கள். ரோடு வராத ஊரானால் வண்டி நிற்கும் இடம் வரை எப்படி வருவது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மலைப் பகுதிகளில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் உண்டு. உங்கள் பக்கத்தில் எங்கே என்று நர்சம்மாவிடம் கேளுங்கள்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, ஸ்கேன், பிரசவம் எல்லாம் இலவசம் என்று 2011 முதல் மத்திய அரசுத் திட்டமே இருக்கிறது. மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளை டாக்டரே பார்க்கும் ஏற்பாடும் 2016 முதல் உண்டு. வெளியூரில் வேலைக்குப் போன இடத்திலும் தாய் சேய் நல அட்டையைக் காட்டி ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தப் பக்கத்தை மூடியதும், வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அந்த அட்டையை எடுத்து ஐந்தாம் மாத ஸ்கேன் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலைமேல் உங்களுக்குத் தெரிந்த பெண் முழுகாமல் இருந்தால் அவளுக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தேதி இன்னும் தாண்டவில்லை என்றால், இந்த வாரமே அவளைக் கீழே வரச் சொல்லுங்கள். தாண்டியிருந்தாலும் வரச் சொல்லுங்கள்.